கதை கேட்டு வண்டி ஓட்டியவர்

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி டவுனுக்கும், அங்கிருந்து திரும்பவும், நாலு வருஷம் அவருடைய குதிரை வண்டியில் போய்வந்தவள் நான். அதற்குப் பிறகு எத்தனையோ படித்தவர்களைப் பார்த்துவிட்டேன். ஒரு கதையைக் கொண்டாடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் பார்த்ததுதான்.

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய காலம் அது. டவுனில் இருந்த மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. என்னோடு ரூத் அக்காவும் வருவாள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த உபாத்தியாயினி. நாவல் படிப்பது பாவம் என்று உறுதியாக நம்பியவள். நாங்கள் இருவரும் ஒரே வண்டியை வாடிக்கையாக வைத்துக்கொண்டோம். வண்டிக்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முக்கூடல் பக்கத்துக்காரர். கறுப்பு, நல்ல உயரம், காதுவரை முறுக்கிவிட்ட மீசை. அவரை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிட்டோம். அவர் எங்களை ‘வாத்திச்சியம்மா’ என்பார்.

சென்னைப் பட்டணத்தில் வேலையாயிருந்த என் அண்ணன் மாதாமாதம் ஒரு பத்திரிகையைத் தபாலில் அனுப்புவான். அதில் ஒரு தொடர்கதை வந்துகொண்டிருந்தது. திலகவல்லி என்று ஒரு பாளையக்காரர் மகள். அவள் தகப்பனைச் சிறையில் போட்டுவிட்டுத் திவான் ஆட்சியைப் பிடித்துக்கொள்கிறான். அவள் குதிரையேறித் தப்பிப் போகிறாள். அதை நான் வண்டியில் படிப்பேன். வண்டிச் சத்தத்தில் மனசுக்குள் படித்தால் எனக்கு ஓடாது. வாய்விட்டுத்தான் படிப்பேன். ரூத் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தில் இருப்பதுபோல் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் காலை, கொக்கிரகுளம் தாண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது, அதுவரை எங்களிடம் ஒரு வார்த்தை பேசாத அந்த மனிதர் முதுகைத் திருப்பாமலே கேட்டார்.

“எம்மா, ஒரு சங்கதி கேக்கலாமா?”

“என்ன அண்ணாச்சி?”

“அந்தப் பொண்ணு மூணு நாளா குதிரைல ஓடுதான்னு படிக்கீயளே. தண்ணி காட்டினாளா?”

எனக்குப் புரியவில்லை.

“குதிரைக்கும்மா. குதிரைக்குத் தண்ணி காட்டினாளா?”

புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “இல்லாம இருக்காது. நீங்க விட்டிருப்பீய. இன்னொரு தரம் பைய படிங்க” என்றார். பாலம் முடியும்வரை மறுபடி படித்தேன். தண்ணீர் இல்லை. சாயங்காலம் திரும்பும்போதும் அவர் முகம் சரியில்லை. “மூணு நாளு தண்ணி இல்லாம ஓடினா நுரை தள்ளி விழுந்துரும்மா. பொறவு அவ எப்படித் தப்பிப்பா? எழுதினவருக்கு ஒரு காயிதம் போடுங்க” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். நாலாம் நாள் நான் உண்மையிலேயே பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து வந்த பகுதியில் திலகவல்லி ஒரு தாமரைக் குளத்தருகே இறங்கினாள். சேணத்தைத் தளர்த்தினாள். குதிரை வயிறு நிறையக் குடிக்கும்வரை தான் ஒரு வாய்கூடக் குடிக்காமல் நின்றாள்.

அதைப் படித்ததும் வண்டி நின்றுவிட்டது. அவர் கீழே இறங்கி, தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடிதம் போய்ச் சேர்ந்ததா, எழுதியவருக்கே தோன்றியதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணாச்சிக்கு அதில் சந்தேகமே இல்லை. அன்று மத்தியானம் ஆற்றுப்பாலத்தை அடுத்த ரயில் நிலையத்து வண்டிப்பேட்டையில் நின்ற எல்லாக் குதிரைகளுக்கும் கருப்பட்டி கரைத்த தண்ணீர் வைத்தாராம். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கதையை முதலிலிருந்து சொல்லியிருக்கிறார். அன்றைக்குத் தொடங்கியது அந்தக் கொண்டாட்டம்.

பத்திரிகை வந்த நாள் எங்களுக்குத் திருநாள். நான் தபால் உறையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பதைப் பார்த்தால், எதுவும் பேசாமல் இறங்கிப் போவார். வண்டிக்கு மாவிலை கட்டுவார். குதிரை கழுத்தில் இரண்டாவது சலங்கை ஏறும். செவ்வந்தி மாலை ஒன்று போடுவார். அதைப் பாலம் வருமுன் குதிரை தின்றுவிடும். “படிங்கம்மா. பைய படிங்க. அதுக்கும் கேக்கணும்” என்பார். சண்டை வந்தால் வண்டி பறக்கும். திலகவல்லி அழுதால் வண்டி நகராது. அழுகை அதிகமான மாதங்களில் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனோம்.

ஒரு தடவை படித்தால் போதும். ஒரு சொல் பிசகாமல் அவர் மனசில் நின்றுவிடும். வண்டிப்பேட்டையில் போய் அப்படியே ஒப்பிப்பார். ‘நிற்க’, ‘இஃது இவ்வாறிருக்க’ என்று புத்தகத்தமிழில் எழுதியிருந்ததைக்கூட மாற்றமாட்டார். யாராவது, “சுருக்கமாச் சொல்லும் வே” என்றால், “அது அவரு எழுதினது. அதச் சுருக்க நான் யாரு?” என்பாராம்.

வண்டிப்பேட்டை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கதையில் வருகிற குதிரைப்படைத் தலைவனைத் திலகவல்லி கட்ட வேண்டும் என்பவர்கள் சாட்டையில் பச்சைத் துணி கட்டினார்கள். மந்திரி மகனைக் கட்ட வேண்டும் என்பவர்கள் சிவப்பு. எங்கள் அண்ணாச்சி பச்சை. சிவப்புக்குத் தலைவர் மாடசாமி என்ற இன்னொரு வண்டிக்காரர். ஒல்லியான, வாய் நிற்காத மனிதர். ரயிலில் இருந்து இறங்குகிற வெளியூர்க்காரர்களிடம், எந்த ஊருக்குப் போகணும் என்று கேட்பதற்கு முன்னால், “நீங்க பச்சையா செவப்பா?” என்று கேட்கிற அளவுக்கு அது போயிற்று. நாங்குநேரியிலிருந்து வந்த ஒரு பெரியவர் இது ஏதோ சர்க்கார் விவகாரம் என்று பயந்து நடந்தே போய்விட்டாராம்.

தன் குதிரைக்குத் திலகவல்லியின் குதிரை பெயரையே வைக்கலாமே என்று நான் ஒருநாள் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. “அது அவ குதிரம்மா. இது என் குதிர” என்றார். கொண்டாட்டத்தில் அவருக்கு ஒரு வரம்பு இருந்தது. எது கதையில் இருப்பவர்களுடையது, எது நம்முடையது என்பதில் அவர் கண்டிப்பானவர்.

ஆனால் அந்த வரம்பை அவர் ஒரு தடவை தாண்டினார். திலகவல்லி காட்டில் ஒரு நெசவாளி குடிசையில் மறைந்திருந்த மாதம் அது. கேப்பைக் கூழைத் தவிர வேறு ஆகாரம் இல்லை என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து இவரும் கேப்பைக் கூழ்தான். சோறு இல்லை, மோர் இல்லை. அடுத்த பகுதி வந்து அவள் காட்டை விட்டு வெளியேறும்வரை ஒரு மாதம் முழுவதும். கன்னம் ஒட்டிப்போயிற்று. அவருடைய மனைவி ஒருநாள் தலையில் புல்லுக்கட்டோடு வந்து எங்கள் வண்டியை வழிமறித்தாள்.

“எம்மா, அந்தப் பிள்ள எப்பம்மா காட்டை விட்டு வரும்?”

“எனக்குத் தெரியாதே. அடுத்த மாதம்தான் புத்தகம் வரும்.”

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “எவளோ ஒருத்தி கூழு குடிச்சா நீரு என்னத்துக்குக் குடிக்கணும்? உமக்கு அவ என்ன வேணும்?”

அவர் கடிவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அவ அங்கன தனியா இருக்கா. இங்கன நாம சோத்தப் போட்டுத் திங்கவா?”

அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு வண்டிப்பேட்டைக்காரர்கள் குடும்பத்தோடு குறுக்குத்துறைக்குப் போனார்கள். புளியோதரை, தேங்காய்ச் சோறு, எள்ளுருண்டை எல்லாம் கட்டிக்கொண்டு போய், சாப்பிட்ட பிறகு, திலகவல்லி ஆற்றைக் கடக்கிற கட்டத்தை ஆற்றிலேயே நடத்திப் பார்ப்பதென்று ஏற்பாடு. நான் படிக்க வேண்டும், அவர்கள் நடிப்பார்கள். ரூத் அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். “உன்னைத் தனியாக அனுப்ப முடியுமா?” என்று சொல்லிக்கொண்டு எனக்கு முன்னாலேயே வண்டியில் ஏறிவிட்டாள்.

திலகவல்லியாக யார் என்பதில் பெரிய தகராறு. கடைசியில் சிவப்புக் கட்சி மாடசாமிதான் மனைவியின் சேலையைக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஆற்றில் தண்ணீர் இடுப்புக்குமேல் ஓடிக்கொண்டிருந்தது. பாதி ஆற்றில் சேலை பிரிந்து தண்ணீரோடு போக, மாடசாமி கோவணத்தோடு நின்று, “தெய்வமே, அபலையாகிய எனக்கு யார் துணை?” என்று புத்தகத்தில் உள்ளபடியே கேட்டார். கரையில் இருந்த பெண்கள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ரூத் அக்கா வேதப்புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். புத்தகம் குலுங்கியது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று, “சிரிக்காதீயலே! அவ பயந்துபோயி நிக்கா!” என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

கதை முடியப்போகிறது என்று பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. அதை அவரிடம் படித்துக் காட்டியதிலிருந்து அவர் பேச்சுக் குறைந்தது. கடைசிப் பகுதி வருவதற்கு நாலைந்து நாள் முன்பு அவருடைய மனைவி பள்ளிக்கூட வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

“நல்லபடியா முடிஞ்சா படிங்கம்மா. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா இந்த மனுசன் தாங்கமாட்டாரு. கூழு குடிச்சதப் பாத்தீயள்லா? நீங்கதான் பாத்துக்கிடணும்.” என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள்.

பகுதி வந்தது. முதல்நாள் சாயங்காலமே வீட்டில் பிரித்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். திலகவல்லி இறந்துவிடுகிறாள். கடைசி வரியில் அது இருந்தது. அதற்கு முன்னால் இருந்த எதையும் என்னால் படிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை மாவிலை, சலங்கை, மாலை எல்லாம் தயாராக இருந்தது. நான் படிக்க ஆரம்பித்தேன். மூன்று பக்கம் உள்ளபடி படித்தேன். திவானின் ஆட்கள் கோட்டையைச் சூழ்கிறார்கள், திலகவல்லி தோளில் அம்பு படுகிறது. அந்த இடத்தில் என் கண் காகிதத்தில் இருந்தது, வாய் வேறெங்கோ போயிற்று. குதிரைப்படைத் தலைவன் வந்துவிட்டான். திவான் ஓடினான். தகப்பன் சிறையிலிருந்து வந்து மகளைக் கட்டிக்கொண்டார். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். நானே கட்டினேன், வார்த்தை வார்த்தையாக, என் குரல் எனக்கே யாருடையதோபோல் கேட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. “மவராசியா இருக்கட்டும்” என்றார்.

பள்ளிக்கூடத்தில் இறங்கியதும் ரூத் அக்கா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

“நீ படிச்சது புத்தகத்தில் இல்லையே.”

“உங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா?”

அவள் முகம் சிவந்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் அவளும் எங்கிருந்தோ ஒரு பிரதி வாங்கி எனக்கு முன்னால் படித்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வண்டிப்பேட்டையில் அன்று கல்யாணம். சிவப்புத் துணிகள் அவிழ்ந்தன. பருப்புப் பாயசம் காய்ச்சினார்கள். இரண்டு வாழைமரம் கட்டினார்கள். சாயங்காலம் எங்கள் இருவருக்கும் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சளோடு தாம்பூலம் வந்தது. ரூத் அக்கா வாங்கிக்கொண்டு, “கர்த்தாவே” என்றாள்.

ஆறு நாள் அவர் சந்தோஷமாக இருந்தார். ஏழாம் நாள், கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் மாடசாமியின் வண்டியில் ஏறியிருக்கிறார். மாடசாமி சும்மா இராமல் கல்யாணக் கதையை எடுத்திருக்கிறார். குமாஸ்தா, “கல்யாணமா? அவள்தான் செத்துப்போனாளே. நானே படித்தேன்” என்று சொல்லிவிட்டார். வண்டிப்பேட்டையில் சண்டை வந்துவிட்டது. அண்ணாச்சி குதிரை நெற்றியில் கைவைத்துச் சத்தியம் செய்தாராம், அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று.

அன்று சாயங்காலம் வண்டி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. நாங்கள் ஏறுவதற்கு முன் அவர் கீழே இறங்கி என் எதிரில் நின்றார்.

“எம்மா, அவ இருக்காளா இல்லையா?”



“உங்க மனசு கஷ்டப்படும்னு…” என்று ஆரம்பித்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. “அவ செத்து ஆறு நாளாச்சு. எனக்குத் தெரியாது. நான் பாயாசம் குடிச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்” என்றார். கொஞ்சநேரம் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு, “அந்தப் பொஸ்தகம் எல்லாத்தையும் தருவீயளா? மொதல்ல இருந்து கடைசி வர” என்று கேட்டார். மறுநாள் அத்தனையையும் ஒரு துணியில் கட்டிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

இரண்டு நாள் வண்டி வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது அவருக்கு மீசை இல்லை. குறுக்குத்துறையில் முழுகி, மீசையை எடுத்துவிட்டு வந்திருந்தார். சொந்த மகள் போனால் செய்வதை அவளுக்குச் செய்திருந்தார். புத்தகங்களையும் ஆற்றில் விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று ரூத் அக்கா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதன்பிறகு வண்டி ஒரே சீராக ஓடியது. அவர் கோபமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. ஏறும்போது பெட்டியை வாங்கி வைப்பார். மழை வந்தால் படுதாவை இறக்கிவிடுவார். பத்திரிகையில் வேறு கதை தொடங்கியது. நான் உறையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு போவேன். அவர் அதைப் பார்க்கவே மாட்டார். பாலத்தின்மேல் போகும்போது கீழே தாமிரபரணி ஓடுகிற சத்தம் அதற்குமுன் எனக்குக் கேட்டதே இல்லை. அந்த மாதங்களில் அதைத்தவிர வேறு சத்தம் இல்லை. ஆவணியில் தொடங்கிய மௌனம், மழைக்காலம் போய், தை போய், பங்குனி வெயில் வரும்வரை நீடித்தது.

அந்தப் பங்குனியில் ஒரு காலை, வண்ணார்பேட்டை தாண்டி மருதமரங்கள் நிற்கிற இடத்தில் வண்டியை ஓரம்கட்டினார். இருக்கைப் பலகையைத் தூக்கி ஒரு துணிமூட்டையை எடுத்தார். என் புத்தகங்கள். ஓரமெல்லாம் அழுக்கேறி, பிரிந்து, நூலால் தைக்கப்பட்டிருந்தன. கடைசிப் பகுதியை எடுத்து விரித்தார். விரலை வைத்தார். படித்தார்.

அதைப் படிப்பு என்று சொல்வதா என்று தெரியவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, பாரம் சுமந்தவன் படியேறுவதுபோல ஏறினார். “கோ…ட்டை…வா…ச…லில்…” என்றார். வியர்வை காதோரம் இறங்கியது. ரூத் அக்கா கண்ணைத் திறந்தாள்.

“யார் சொல்லிக்கொடுத்தார்கள்?” என்று கேட்டேன்.

“நீங்கதான்” என்றார். “மொதப் பகுதி எனக்கு மனப்பாடம்லா? மொத வரி இன்னதுன்னு தெரியும். எந்த எழுத்து எந்தச் சத்தம்னு ஒண்ணொண்ணாப் பாத்துக்கிட்டே வந்தேன். தெரியாத எழுத்துக்கு அந்தக் குமாஸ்தாவக் கேட்டேன். நாலாம் பகுதி வாரதுக்குள்ள ஒருமாதிரி பிடிபட்டுச்சு.” பக்கத்தைத் திருப்பினார். “கடைசிப் பகுதில மூணு பக்கம் நீங்க படிச்சதும் அச்சும் ஒண்ணா வந்துச்சு. பொறவு எழுத்து வேற, சத்தம் வேற.” ஒரு வரியின்கீழ் விரலை வைத்து என்னிடம் காட்டினார். “இங்கனதான் நீங்க எறங்கிட்டீய.”

தோளில் அம்பு படுகிற வரி அது.

அதற்கப்புறம் இருந்த நாலு பக்கத்தையும் அவர் எங்களுக்குப் படித்தார். நான் முதல்முறையாக அப்போதுதான் அதைக் கேட்டேன். அம்பு பட்ட தோளோடு திலகவல்லி குதிரையை விட்டு இறங்குகிறாள். தப்பிப் போக வழி இருந்தும் போகவில்லை. சிறைவாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளை ஒற்றைக் கையால் நீக்குகிறாள். தகப்பன் மட்டுமில்லை, திவான் பிடித்துப் போட்டிருந்த குடியானவர்கள், நெசவாளிகள், பெண்கள், குழந்தைகள் எல்லாரும் வெளியே வருகிறார்கள். கடைசி ஆள் வெளியேறும்வரை கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குக் கூழ் கொடுத்த நெசவாளிக் கிழவி கடைசியாக வருகிறாள். திலகவல்லி அவளைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதன்பிறகுதான் அந்த ஒரு வரி.

அவர் படித்து முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது. பள்ளிக்கூட மணி எப்போதோ அடித்திருக்கும். ரூத் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏற்கெனவே படித்தவள்தான்.

அவர் புத்தகத்தை மூடினார்.

“நீங்க அவ செத்தான்னு மட்டும் பாத்தீய. அது ஒரு வரி. அதுக்கு முன்ன நாலு பக்கம் அவ செயிச்சிருக்கா. நீங்க சொன்ன கல்யாணத்துல அவளுக்கு ஒரு வேலையுமே இல்லியேம்மா. மத்தவங்கதான எல்லாஞ் செஞ்சாங்க?”

அவர் வண்டியை எடுத்தார். கொஞ்சதூரம் போனபின், “இன்னைக்குச் சாயந்தரம் பேட்டைல படிக்கப்போறேன். நின்னு கேட்டுட்டுப் போவமா?” என்றார்.

போனோம். நாலு மணி ரயில் போன பிறகு, வேப்பமரத்தடியில் இருபது முப்பது பேர் கூடினார்கள். நாங்கள் வண்டிக்குள்ளேயே இருந்தோம். அவர் முன்பலகையில் உட்கார்ந்து அந்த நாலு பக்கத்தையும் படித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு எழுத்தில் அவர் தட்டுத் தடுமாறி நின்றால் முப்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முடிந்ததும் முதலில் பேசியது மாடசாமிதான். “இம்புட்டு நல்லா இருக்கே. இத விட்டுட்டு அன்னைக்கு ஏன் வே கல்யாணம்னு பொய் சொன்னீரு? எட்டு மாசமா கேக்கேன், தப்பாக் கேட்டுட்டேன், தப்பாக் கேட்டுட்டேன்னு ஒரே பதிலச் சொல்லுதீரே. உமக்கா தப்பாக் கேக்கும்?”

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எட்டு மாதமாக அவரைப் பொய்யன் என்று அந்தப் பேட்டையே சொல்லியிருக்கிறது. ஒரு சொல்லைக்கூட மாற்றாத மனிதர், குதிரைமேல் பொய்ச்சத்தியம் செய்தவர் என்று பெயர் வாங்கியிருக்கிறார். என் பெயரை ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போதும் அவர், “ஆமாலே, தப்பாக் கேட்டுட்டேன், விடு” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். அத்தனை ஆண்கள் நடுவில் அதற்குமுன் நான் நின்றதில்லை. பின்னாலேயே ரூத் அக்காவும் இறங்கி என் பக்கத்தில் நிற்பது தெரிந்தது.

“அவர் தப்பாகக் கேட்கவில்லை. நான்தான் பொய்யாகப் படித்தேன். புத்தகத்தில் கல்யாணம் இல்லை. நானாகச் சொன்னது” என்றேன்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று நான் காத்திருந்தேன். மாடசாமி வாயைப் பிளந்துகொண்டு கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“அப்படின்னா படைத்தலைவன மாப்பிள்ளையாக்குனது நீங்கதானா? எழுதினவரு இல்லியா?”

“நான்தான்.”

“ஏலே!” என்று மாடசாமி மற்றவர்கள் பக்கம் திரும்பிக் கத்தினார். “அப்ப எங்க கட்சி தோக்கலலே! செவப்பு தோக்கவே இல்ல!”

அவ்வளவுதான். முப்பது பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். உயிரோடு இருந்திருந்தால் அவள் யாரைக் கட்டியிருப்பாள் என்று பச்சைக்காரர் ஒருவர் கேட்க, சிவப்புக்காரர் ஒருவர் எட்டாம் பகுதியிலிருந்து சாட்சி காட்டினார். ஒருவர் தலைத்துண்டைக் கழற்றித் தரையில் அடித்தார். ரூத் அக்கா, யாரும் கேட்காமலே, “மந்திரி மகன்தான் தகுதியானவன்” என்று தெளிவாகச் சொன்னாள். அதற்கும் ஒரு ஆரவாரம் எழுந்தது.

அண்ணாச்சி மட்டும் அந்தச் சண்டையில் சேரவில்லை. முன்பலகையில் அப்படியே உட்கார்ந்து, கடைசிப் பகுதியின் முதல் பக்கத்தைத் திருப்பிவைத்து, விரலை முதல் எழுத்தின்கீழ் ஊன்றி, உதடு அசைய, மறுபடியும் படிக்கத் தொடங்கியிருந்தார்.